கடைசி அவுட்டுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்கா,

ஆட்டம் முடிந்த இரவு அணியின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். 11-10 என்று தோற்றோம், கடைசி அவுட் நீங்கள், ஆகவே பழியும் உங்களுடையதாம். ஊரறியக் கேட்ட மன்னிப்புக்கு ஊரறியப் பதில் சொல்வதுதான் முறை. இந்த ஆட்டம் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் நடுவே கொஞ்சம் விளக்கம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்பால் என்றால் மற்ற ஊர்களில் 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, கையில் தோல் கையுறை. சிகாகோக்காரர்களுக்கு அது ஒத்துவராது. இங்கே பந்து 16 அங்குலம், உரித்த தேங்காய் அளவு இருக்கும். பிடிப்பது வெறுங்கையால். இதில் இவர்களுக்கு இருக்கும் வைராக்கியத்தைச் சொல்லி மாளாது. மைக் ராய்கோ என்ற இந்த ஊர்ப் பத்திரிகை எழுத்தாளர், பூங்கா நிர்வாகம் கையுறையை அனுமதித்தது என்பதற்காக 1977-இல் வழக்கே போட்டு ஜெயித்தார்!

ஆட்டம் முழுக்க ஒரே பந்துதான் என்பதும் இங்கே வழக்கம். முதலில் அது கெட்டியாக இருக்கும், விரலைப் பதம் பார்க்கும், ஆனால் அடித்தால் பறக்கும். அடி வாங்க வாங்க இளகிப்போய், சில இன்னிங்ஸ் போனதும் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தூரம் போகாது. கிரிக்கெட்டில் புதுப் பந்து வீசுகிறவருக்குச் சொத்து. இங்கே அடிக்கிறவருக்கு. ஏழே இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் தொடக்கத்தில் தூங்கினால் நஷ்டம் இரட்டை. ரன்னும் போகும், அதைத் திரும்ப எடுக்க உதவும் பந்தும் போய்விடும்.

நாம் தூங்கினோம். கென்னடி விரைவுச்சாலையின் மாலை நெரிசலில் இரண்டு பேர் மாட்டிக்கொள்ள, பத்துப் பேர் நிற்க வேண்டிய களத்தில் எட்டுப் பேர் நின்றோம். எதிரணிக்கு ஆள் இல்லாத இடம் நன்றாகவே தெரிந்தது. இரண்டு இன்னிங்ஸில் ஒன்பது ரன். நமக்கோ மூன்று இன்னிங்ஸ் முடிந்தும் பூஜ்யம். பெஞ்சில் பேச்சு அதற்குள் பீட்சாவுக்குப் போய்விட்டது.

அந்த ஒன்பதும் பதினைந்தாகாமல் போனதற்கு, அடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸில் நீங்கள் நின்றதே காரணம். திருச்சியில் பள்ளி அணிக்கு எறிபந்து ஆடிய கை அது. பெரிய பந்தை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைக்காமல் உடனே திருப்பி எறியும் பழக்கம் உங்களுக்குப் பதினைந்து வயதிலேயே வந்துவிட்டது. கிரிக்கெட்டில் ஊறிய நாங்கள் ஒவ்வொரு பந்தையும் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் எறிகிறோம். இரண்டாவது இன்னிங்ஸில் மோதிர விரலில் பந்து நேராக மோதியது. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு மறுபடி போய் நின்றீர்கள். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே ரன்.

நான்காவது இன்னிங்ஸில் மட்டையை எடுக்கப் போனவர்களிடம் நீங்கள் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்: “யாரும் தூக்கி அடிக்காதீங்க. பந்து செத்துப்போச்சு. ஆள் இல்லாத இடமாப் பார்த்துத் தள்ளி விடுங்க. இன்னிங்ஸுக்கு ரெண்டு மூணு வந்தாப் போதும்.” தமிழ் தெரியாத பாதி அணிக்குக் கையாலேயே காட்டினீர்கள். புரிந்தது. மூன்று, இரண்டு, ஒன்று என்று ரன் வந்தது. அந்த ஒரு ரன் வந்த ஆறாவது இன்னிங்ஸில் எல்லோருக்கும் மனசு விட்டுப்போனது, உங்களைத் தவிர. ஏழாவதில் நான்கு. 11-10, இரண்டு பேர் அவுட், இரண்டாவது பேஸில் ஒருவர், மூன்றாவதில் நான், மட்டையோடு நீங்கள்.

நீங்கள் தப்பாக அடிக்கவில்லை, அக்கா. அன்று முழுக்க எங்கே விழவைத்தீர்களோ அங்கேதான் அடித்தீர்கள், இரண்டாவது பேஸுக்குச் சற்றுப் பின்னால். இந்த ஆட்டத்தில் பத்தாவது ஆள் ஒருவர் இருப்பதே அந்த இடத்துக்காகத்தான். உங்களிடம் ஏற்கெனவே ஏமாந்திருந்த அந்த மனிதர் இந்த முறை இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றிருந்தார். மூன்றாவது பேஸிலிருந்து எனக்கு அது தெரிந்தது, உங்களுக்குத் தெரிய வழியில்லை. முன்பக்கமாக விழுந்து, தரைக்கு ஒரு சாண் மேலே விரல்நுனியில் பிடித்தார். அவர் நன்றாக ஆடினார். அதை உங்கள் கணக்கில் குற்றமாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சங்கதி. 1887-இல் நன்றி நவிலல் நாளன்று, இதே சிகாகோவில், ஃபராகட் படகுக் கழகத்துக்குள் உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் விளையாட்டாய் ஒரு குத்துச்சண்டைக் கையுறையை எறிய, ஒருவர் அதைக் கம்பால் அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே பந்தாகச் சுருட்டிக் கட்டி, தரையில் கோடு போட்டு ஆட வைத்தார். சாஃப்ட்பால் பிறந்த கதை அது. அன்றைய கணக்கு 41-40 என்கிறார்கள். ஆக, ஒரே ரன்னில் தோற்பது இந்த ஊரில் ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே நடப்பதுதான்.

ஒன்பது ரன் பின்தங்கி, பீட்சா யோசனையில் கிடந்த எங்களை ஏழாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்துவரை கத்த வைத்தீர்கள். எனக்கு மறுநாள் அலுவலகத்தில் குரலே எழவில்லை. அதற்குத்தான் நன்றி.

அடுத்த ஆட்டத்துக்கு நான் ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிடுவேன். தாமதமாக வந்த இருவரையும் நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன். அந்த விரலை மருத்துவரிடம் காட்டினீர்களா? வீக்கம் வடியாமல் வராதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை, முதல் பேஸுக்கு நம்மிடம் வேறு ஆள் இல்லை. ஆனாலும் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது பேஸில் நின்ற தம்பி