சூடான இட்லி

காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்குப் பட்டுப் புடவைதான் நினைவுக்கு வரும். ஆகையால், "இட்லி சாப்பிடக் காஞ்சிபுரம் போகிறேன்" என்று நான் சொன்னதும் வீட்டில் ஒரே சிரிப்பு. என் மனைவி மட்டும், "அப்படியே ஒரு புடவையும்..." என்று ஆரம்பித்தாள். நான் அவசரமாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அம்மாவுக்கு நான் ஒரு கடன் பட்டிருந்தேன். 2019-ஆம் வருஷம் அத்திவரதர் திருக்குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் சேவை சாதித்தார் அல்லவா? "அந்தக் கூட்டத்தில் உன்னால் நிற்க முடியாது அம்மா" என்று தடுத்துவிட்டேன். இனி அந்தத் தரிசனம் 2059-ல்தான்! அம்மா கோபிக்கவில்லை. "மூலவர் எங்கேயும் போகமாட்டார். ஒரு நாள் அழைத்துப் போ, கோயில் இட்லியும் சாப்பிடலாம்" என்றாள். அந்த 'ஒரு நாள்' வருவதற்குத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில். பெருமாளைச் சேவித்து, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்டு, நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிரசாதத்துக்கு வந்தோம்.

கோயில் இட்லி நம் வீட்டு இட்லிக்குப் பெரியண்ணா. அதைத் தட்டில் வார்ப்பதில்லை. அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்கின்றன. நீண்ட மூங்கில் குடலையின் உள்ளே மந்தாரை இலையைச் சுற்றிலும் வைத்து, மாவை ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஆவியில் வேகவிடுகிறார்கள். குடலை இட்லி என்ற பெயர் அதனால் வந்ததுதான். வெந்ததும் துண்டு போடுகிறார்கள். வாயில் இட்டால் முதலில் இலை மணம், அப்புறம் நெய், கடைசியில் தொண்டையில் சுக்கின் காரம்!

அம்மா தன் துண்டைப் பிட்டு, பெரிய பாதியை வழக்கம்போல் என்னிடம் நீட்டினாள்.

வெளியே வந்து ஒரு சின்ன ஹோட்டலில் உட்கார்ந்தோம். அம்மாவின் இலையில் ஆவி பறக்கும் இட்லி வந்தது. அம்மா கையை வைக்காமல் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறிப் போகுமே, சாப்பிடுங்கம்மா" என்றார் பரிமாறியவர். தயங்கித் தயங்கி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டவள், "ஏண்டா, சூடாயிருந்தால் இட்லி இவ்வளவு மெத்தென்றா இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று விள்ளல் இறங்கவில்லை. எங்களுக்கெல்லாம் ஈடு ஈடாகச் சூடாக வார்த்துப் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறியதைச் சாப்பிட்டவள் அல்லவா அவள்!

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு: பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் ஒரே அளவு. மேலே சொன்ன சாமான்களைச் சேருங்கள். குடலைக்குப் பதில் நெய் தடவிய டம்ளர், மந்தாரைக்குப் பதில் வாழையிலை போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் டம்ளர் இட்லி. பரிமாறியவன் நான். முதல் இட்லி அம்மாவுக்கு, அடுத்தது மனைவிக்கு. "உங்களுக்கு?" என்றாள் அவள்.

"எனக்கு ஆறினதே போதும்" என்றேன் பெருமையாக.

அந்தப் புடவை விஷயம் மட்டும் இன்னும் ஆறவில்லை!