ஷஃபிள்பாட்டம் வீடு

மான்செஸ்டரில் நான் நடத்திய வாரிசுரிமை விவகாரங்களில் இன்றும் மனத்தை விட்டு அகலாதது, பெரி நகரத்து முதியவர் ஒருவரின் வீடு. மணமாகாதவர், உயில் எழுதவில்லை. உரியவர் யாரும் நிரூபித்து வராவிட்டால் சொத்து மன்னரின் லங்காஸ்டர் டச்சிக்குப் போகும். 1974 முதல் பெரி கிரேட்டர் மான்செஸ்டரைச் சேர்ந்தது என்றாலும், இதற்கு மட்டும் பழைய லங்காஷயர் எல்லைதான் கணக்கு.

அவருடைய குடும்பப் பெயர் ஷஃபிள்பாட்டம். உரிமை கோரி வந்தவர்கள் இரண்டு பேர். என் கட்சிக்காரரான அம்மாளின் பிறப்புச் சான்றிதழில் ஷஃபிள்பாதம் என்றிருந்தது. மற்றவருக்கோ ஓர் எழுத்துகூடப் பிசகாத அதே பெயர்.

இந்தப் பெயர் பிறந்தது பெரி வட்டாரத்து ஷிப்பர்பாட்டம் என்ற சிற்றிடத்தில். ஆடு கழுவும் ஓடை பாய்ந்த பள்ளத்தாக்கு. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அது வருகிறது. அங்கிருந்து பெயர்ந்து போனவர்களைப் புதிய ஊரார் பழைய இடத்தைச் சொல்லி அழைக்க, பிள்ளைகளுக்கும் அது நிலைத்துவிட்டது. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால் ஸ்மித்துகள் பெருகினார்கள். இந்தப் பெயருக்கோ ஊற்று ஒரே பள்ளத்தாக்கு. லங்காஷயர், செஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டங்களுக்கு வெளியே இது அரிது. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளும் நமக்கு, ஒரு பெயர் இத்தனை நூற்றாண்டுகள் ஆண்வழியில் இறங்கி வருவது வியப்புத்தான்.

மற்றவர் மரபணு அறிக்கையும் வைத்திருந்தார். என் கட்சிக்காரரின் அண்ணனுடைய ஒய் குரோமோசோமோடு அவருடையது பொருந்தியது. அதில் பொய்யில்லை. அரிய பெயர் கொண்ட ஆண்கள் பலர் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்பதை லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் 40 பெயர்களை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த மூதாதை முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவராகவும் இருக்கலாம். 1925ஆம் ஆண்டுச் சட்டமோ இறந்தவரின் பாட்டன் பாட்டி வழி வந்தவர்களோடு நின்றுவிடுகிறது. கொள்ளுப்பாட்டன் வழி உறவு எவ்வளவு உண்மையானாலும் பங்கில்லை.

ஆகவே நான் பெயரை ஒதுக்கிவிட்டுத் தாய்மார்களைத் தேடினேன். ஆங்கிலேயப் பிறப்புச் சான்றிதழ் தாயின் பிறந்தகப் பெயரையும் சொல்லும். இறந்தவரின் தகப்பனாருக்கும் அம்மாளின் தகப்பனாருக்கும் தாயின் பிறந்தகப் பெயர் ஒன்று, தெரு ஒன்று. இரண்டு பதிவிலும் தாய் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி இட்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத பஞ்சாலைத் தொழிலாளி அவள். பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியதில் இரண்டு மகன்களுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் வாய்த்தது.

1911 கணக்கெடுப்புத் தாள் மீதியைச் செய்தது. மணமான பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை உயிரோடிருக்கின்றன என்று அந்த ஆண்டு கேட்டிருந்தார்கள். நான்கு பிறந்து இரண்டு மிஞ்சியதாக அவளுடைய பதில். அடுத்த ஆண்டே பாட்டனார் இறந்துபோனார். இறந்தவரின் தாய்வழியிலும் எவரும் மிஞ்சவில்லை. டச்சியின் வழக்கறிஞர்கள் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அம்மாளையும் அவருடைய அண்ணனையும் வாரிசுகளாக ஏற்றார்கள்.

மற்றவர் முடிவைத் தகராறின்றி ஏற்றுக்கொண்டு, தன் வம்சாவளிக்காக அந்தச் சான்றிதழ்களின் நகல் கேட்டார். கட்சிக்காரரின் சம்மதத்தோடு எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன்.