மூட்டையும் எடைதான்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் போடும் குடும்பம் அது. அப்பா இடுப்பில் எப்போதும் பெல்ட் இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்பு, லாரி கிளம்பும் அவசரத்தில், குனிந்த வாக்கிலேயே மூட்டையைத் தூக்கித் திரும்பினார். இடுப்பில் சுளீரென்றது. அன்றோடு மூட்டை தூக்குவது நின்றது. அந்த வேலை மகன் தோளுக்கு வந்தது.

மகனுக்கு இருபது வயது. காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். மார்பளவு 81 செ.மீ. வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். அவனுக்கு 79-ல் நின்றது. பெரம்பலூரில் ஒரு ஜிம்மில் சேர்ந்தான். தூக்க முடிகிற அதிகபட்ச எடையை நாலைந்து தடவை தூக்குவதுதான் அவன் முறை. வாரம் தவறாமல் எடையைக் கூட்டினான்.

மூன்றாவது மாதம், பட்டறையிலிருந்து பகலெல்லாம் மூட்டை ஏற்றினான். "இன்னிக்கு விட்டா ஒருநாள் போச்சு" என்று சாயங்காலம் ஜிம்முக்கும் போனான். தரையிலிருந்து கம்பியைத் தூக்கும்போது, அப்பாவுக்குப் பிடித்த அதே இடத்தில் அவனுக்கும் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு பேரும் கட்டில்ல படுத்துட்டா காட்டை யார் பார்க்கிறது?" என்றார் அம்மா.

தசைப்பிடிப்புதான், எலும்புக்கும் ஜவ்வுக்கும் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமானாலோ உடனே வரச் சொன்னார்.

பார்க்க வந்த தாய்மாமன், அரியலூரில் சிமென்ட் மூட்டை ஏற்றி இறக்குபவர். ஒரு மூட்டை 50 கிலோ. இருபது வருஷமாக அதே வேலை.

"மாப்ள, மூட்டை உன் நெஞ்சோட ஒட்டணும். கையை நீட்டித் தூக்குனா பாரமெல்லாம் இடுப்புக்குத்தான். முட்டியை மடக்கித் தூக்கு. திரும்பணும்னா இடுப்பை முறுக்காத, காலை எடுத்து வச்சுத் திரும்பு."

"ஜிம்முல சொல்லித் தந்ததும் இதுதான் மாமா."

"அப்ப மூட்டையும் எடைதான்னு உனக்குத் தோணலையா?"

பிசியோதெரபிஸ்ட் சொன்ன சேதி அவனுக்குப் புதிது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இளைஞர்கள் பத்து வாரம் காலுக்குப் பயிற்சி செய்தார்கள். தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 80 சதவீதம் ஒரு முறை. 30 சதவீதம் இன்னொரு முறை. இரண்டிலும் இனி முடியாது என்கிற வரை செய்ய வேண்டும். இரண்டிலும் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. ஒரே மூச்சில் பெரிய பாரம் தூக்கும் பலம் மட்டும் கனமான எடையில் கூடுதலாக வந்தது. ஆக, மார்பு விரியக் கனத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. தசை நன்றாகக் களைத்து, பிறகு ஓய்வும் சாப்பாடும் கிடைத்தால் போதும்.

திரும்பத் தொடங்கும்போது டிலோர்ம் முறையைக் கடைப்பிடித்தான். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயிற்சி தந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் அவர். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ, அதில் பாதியைப் பத்து தடவை, முக்கால் பங்கைப் பத்து தடவை, கடைசியில் முழு எடையைப் பத்து தடவை. பத்தும் சுலபமான பிறகுதான் எடையைக் கூட்ட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். மூட்டை ஏற்றும் நாளில் ஜிம் கிடையாது. அதற்கு மறுநாளும் கிடையாது. சாப்பாட்டில் இரண்டு முட்டையும் ஒரு கை வேர்க்கடலையும் கூடின.

மாற்றம் பட்டறைக்கும் வந்தது. வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. இவர்கள் கட்டிய மூட்டையோ எழுபதுக்குக் குறையாது. அடுத்த அறுவடையில் அப்பா 45 கிலோவோடு வாயைத் தைத்தார். சாக்குச் செலவும் ஏற்றுகூலியும் கூடியதென்று வியாபாரி முணுமுணுத்தார்.

"சாக்கு வாங்கிக்கலாம். இடுப்பு எங்க வாங்குறது?" என்றார் அப்பா.

மகனின் மார்பு இப்போது 80-ஐத் தொட்டிருக்கிறது. தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது.