கதவுக்குள் ஒரு கடகடப்பு

மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தபாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில் பாலாறு வருகிறது. வேலூர்ப் பக்கத்துப் பாலாறு அல்ல இது. மலைக்காட்டிலிருந்து இறங்கி, தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடி, மேட்டூர் அணையின் தண்ணீர் தேங்கும் மேல்முனைக்கு அருகே காவிரியில் கலக்கிற சின்ன ஆறு. அக்கரையில் இருக்கும் கொள்ளேகால் பகுதி 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மைசூருக்குப் போனது. 1997இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் அமைத்தபோது அதற்குள் வந்தது. எல்லை எத்தனை முறை மாறினாலும் மாதேஸ்வரனுக்கு முடி காணிக்கை கொடுக்கப் போகிற சேலம், ஈரோடு, தருமபுரிக் குடும்பங்கள் மாறவில்லை. அமாவாசைக்கு அமாவாசை வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள்.

பாலாற்றுச் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். கண்ணாடியை இறக்கிப் பதில் சொல்லிவிட்டுக் காற்றுக்காகப் பாதி திறந்தபடியே கிளம்புவோம். அந்த இடத்திலிருந்துதான் பல வண்டிகளில் சத்தம் ஆரம்பிக்கிறது. மேட்டூர் வரைக்கும் ஒழுங்காக வந்த கார், மலை ஏறத் தொடங்கியதும் கதவுக்குள் யாரோ தட்டுவதுபோலக் கடகடக்கிறது. பின்னால் இருக்கிற அம்மா, “என்னமோ சத்தம் வருதுப்பா, இந்தப் பக்கம்” என்கிறார். ஓட்டுகிற மகன் ஒரு நொடி காதைக் கொடுத்துவிட்டு, “ஒண்ணும் இல்லம்மா, ரோடு அப்படி” என்கிறான். பாட்டின் சத்தம் கூடுகிறது. எத்தனையோ குடும்பங்களோடு இந்த மலைக்குப் போய் வந்திருக்கிறேன். இந்தப் பேச்சு அப்படியே திரும்பத் திரும்பக் காதில் விழுந்திருக்கிறது.

மகன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே கேட்கவில்லை. வலது முன் இருக்கையில் இருக்கிறவனுக்கு எஞ்சின் சத்தமும் டயர் சத்தமும் முன்னால் வந்து நிறைந்துவிடும். இடது பின்கதவில் வருவது அம்மாவின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அவன் இடத்திலிருந்து கேட்டால் அது இல்லை, அவர் இடத்திலிருந்து கேட்டால் மலை முழுக்க அதுதான். இப்படி ஒருவர் சொன்னால் முதலில் நம்ப வேண்டும். பிறகு வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்து ஓட்டச் சொல்லி, சொன்னவர் உட்கார்ந்த அதே இருக்கையில் போய் உட்கார வேண்டும். சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் இதைவிடப் பெரிய வித்தை கிடையாது. வீட்டிலும் இதையே செய்யலாம் என்று இளையவர்களிடம் விடாமல் சொல்லிவருகிறேன். மனைவி ஒரு குறை சொன்னால், மருமகள் ஒரு சங்கடம் சொன்னால், “எல்லா வீட்லயும் அப்படித்தான்” என்று பதில் தருவதற்கு முன், அவர் நாள் முழுவதும் இருக்கிற அடுப்படியில் ஒரு முன்பகல் நின்று பார்க்கலாம்.

கண்ணாடி ஏன் பாதியில் நிற்கும்போது அதிகம் ஆடுகிறது என்பதற்குக் காரணம் எளிது. முழுதாக ஏற்றிய கண்ணாடியை மேலேயும் பக்கங்களிலும் ரப்பர் சேனல் கவ்விக்கொள்கிறது. பாதி இறக்கினால் மேல்விளிம்புக்குப் பிடிமானம் போய்விடும். கீழே கண்ணாடி மிஷின் தாங்குகிற இடமும், நடுவில் கதவின் இடுப்பில் இருபுறமும் அணைத்திருக்கிற பீடிங்கும், ஓரத்துச் சேனல்களின் மிச்சப் பகுதியும்தான் துணை. சேனலுக்குள் வெல்வெட்போல மென்மையான ஒரு பூச்சு இருக்கும். புழுதிச் சாலையில் ஓடி ஓடி மண் அதில் ஏறினால் கண்ணாடி ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அதைத் தேய்க்கும். பூச்சு தேய்ந்தால் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கண்ணாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் மோதும். வெயிலில் நின்று நின்று இறுகிப்போன ரப்பரும் இதே வேலையைச் செய்கிறது. விடியற்காலைக் குளிரில் கேட்ட சத்தம் மத்தியானம் காணாமல் போவதும் உண்டு. சூட்டில் ரப்பர் இளகுகிறது, பிளாஸ்டிக் விரிகிறது, இடைவெளி கொஞ்சம் அடைபடுகிறது. பட்டறைக்கு மத்தியானம் எடுத்துப்போனால் மெக்கானிக் முன்னால் வண்டி வாயைத் திறக்காது. காலையில் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

சத்தத்துக்கும் சாதி உண்டு. கடகட என்றால் இரண்டு பொருள்கள் விலகி விலகி மோதுகின்றன. கிரீச் என்றால் ஒட்டி உரசுகின்றன. ஒரு கணம் பிடித்துக்கொண்டு மறுகணம் நழுவுவதால் வருகிற ஓசை அது. ர்ர்ர் என்று ஒரே சீராக, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்தால், மெல்லிய தகடோ பிளாஸ்டிக்கோ எஞ்சினின் அதிர்வுக்கு இசைந்து தானும் அதிர்கிறது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பட்டறையில் பாதி வேலை முடிந்தது. சேலத்தில் ஒரு மெக்கானிக் தம்பி இப்படித்தான் கேட்பார்: “ஐயா, கண்ணாடி மேல இருக்கறப்ப வருதுங்களா, பாதியில வருதுங்களா? உள்ளங்கையால அழுத்துனா நிக்குதுங்களா?” கருவி எதையும் எடுப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விகள். நல்ல வைத்தியரிடமும் இந்தப் பொறுமையைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். கதவுப் பையில் கிடக்கிற தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, தொங்கிக்கொண்டு கதவில் இடிக்கிற சீட் பெல்ட் கொக்கி, இவையெல்லாம் கண்ணாடியின் மேல் பழி போடும். டயரில் காற்று அளவுக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். விறைத்த டயர் ஒவ்வொரு கல்லையும் கதவு வரை கொண்டுவந்து சேர்க்கும். அதற்கும் அடங்காவிட்டால், ஒருவர் மெதுவாக ஓட்ட, இன்னொருவர் சத்தம் வருகிற கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தட்டும். நின்றால் குறை கண்ணாடியில். தடித்த அட்டை ஒன்றைக் கண்ணாடிக்கும் உள்பக்கப் பீடிங்குக்கும் நடுவில் செருகிப் பார்க்கலாம். அப்போது நின்றால் பீடிங் தளர்ந்திருக்கிறது. எதற்கும் அசையாமல் சத்தம் கதவின் அடிவயிற்றிலிருந்து வந்தால், கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கிற டோர் பேடுக்குள் ஒரு கிளிப் உடைந்திருக்கலாம், அல்லது கண்ணாடியை மிஷினோடு பிணைக்கிற போல்ட் தளர்ந்திருக்கலாம்.

அட்டை சோதனைக்கு மட்டும்தான். அதையே மருந்தாக்கிச் செய்தித்தாளை மடித்துச் செருகிவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத காரியம் இது. அந்தக் காகிதம் ஒருநாள் நழுவிக் கதவுக்குள் விழும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. ஊறிய காகிதம் போய் அவற்றை அடைக்கும். தண்ணீர் தேங்கும், தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் தெரியும். இன்னும் சிலர் கிரீஸ் தடவுவார்கள், பழைய எஞ்சின் ஆயில் விடுவார்கள். அன்றைக்குச் சத்தம் நிற்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்ட கதவு ரப்பர் நாளடைவில் உப்பிப் பதம் கெடும், எண்ணெய்ப் பிசுக்கில் மண் இன்னும் கெட்டியாக ஒட்டும். சேனலை ஈரத்துணி சுற்றிய மெல்லிய குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடிப்பதே சரியான வழி. பெரும்பாலான வண்டிகளில் இந்த ஒரு வேலையிலேயே பாதிச் சத்தம் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் தேய்ந்தே போயிருந்தால் புதிது போடத்தான் வேண்டும்; அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கதவைத் திறந்து வேலை பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், மேற்பார்வைக்காக இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள. டோர் பேடைக் கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் காகிதம் ஒட்டியிருக்கும். தண்ணீரும் புழுதியும் உள்ளே வராமல் காப்பது அது. கிழித்துவிட்டு அப்படியே மூடினால் அடுத்த மழையில் கால்மிதி நனையும். சில புதிய கார்களில் பக்கவாட்டில் மோதினால் உணர்கிற கருவியும் கதவுக்குள் இருக்கிறது. அதற்கும் அந்தக் கதவு அடைப்பாக இருப்பது முக்கியம். பழைய கிளிப்புகளையே திரும்ப மாட்டினால் பிடிப்பு குறைந்து, போன சத்தத்துக்குப் பதில் புதுச் சத்தம் ஒன்று குடிவரும். புதுக் கிளிப் வாங்கிக் கொடுங்கள். போல்ட்டைத் தளர்வு போகும் அளவுக்கு முறுக்கினால் போதும், அதற்கு மேல் ஆகாது. கதவுக் கண்ணாடி சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துப் பதப்படுத்தியது. நடுவில் குத்தினாலும் தாங்குகிற அது, ஓரத்தில் அழுத்தம் தவறினால் மொத்தமாகப் பொடிப்பொடியாக உதிரும்.

ஏறும்போது கண்ணாடி கோணிக்கொண்டாலோ, மெதுவாகத் திணறினாலோ மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மிஷின் சாகப்போகிறது என்று பொருள். மலையில் மழை பிடிக்கும் நேரத்தில் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டால் நனைவது மட்டுமா! வளைவுக்கு வளைவு உட்கார்ந்திருக்கிற குரங்குகளுக்குத் திறந்த ஜன்னல் போதும்.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கவலை குறைவாக இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றிய அந்த வண்டியில் சத்தம் குறைவாக இல்லை. உத்தரபாராவில் 2014இல் உற்பத்தி நிற்கும் வரை அது சத்தத்தோடுதான் ஓடியது. எஞ்சின் இரைச்சலில் மற்றது எதுவும் தனியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது பேட்டரி கார்கள் வந்துவிட்டன. எஞ்சின் இரைச்சல் அறவே இல்லாததால் ஒரு கிளிப் தளர்ந்தால்கூடக் கேட்டுவிடுகிறது. கார்த் தொழிற்சாலைகளில் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் ஆட்டும் மேடை வைத்து வண்டியைக் குலுக்கி, ஒவ்வொரு கதவாகக் காது வைத்துத் தேடுகிறார்கள். அமைதி கூடக் கூடச் சின்னக் குறைகள் பெரிதாகக் கேட்பது இயல்பு. ஓய்வு பெற்ற முதல் வருஷத்தில் கணவன் மனைவிக்குள் சண்டை கூடுவதைப் பார்த்துப் பயப்படுகிற நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை, இத்தனை நாள் ஆபீஸ் இரைச்சலில் கேட்காதது இப்போது கேட்கிறது. கேட்டதும் கவனித்தால் சரியாகிவிடும்.

பாலாறு என்றாலே என் வயதுக்காரர்களுக்கு 1993 ஏப்ரல் 9 நினைவுக்கு வரும். வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் போலீஸ்காரர்களும் வனத்துறையினரும் உட்பட 22 பேர் இந்தப் பக்கத்தில் உயிரிழந்தார்கள். அதன் பிறகு பல வருஷங்கள் இந்த வழியில் போவதற்கே குடும்பத்துப் பெரியவர்கள் தயங்கினார்கள். இன்று அதே சாலையில் கைக்குழந்தையோடு போகிறவர்களின் பெரிய புகார் ஒரு கண்ணாடிச் சத்தம் என்றால், அந்தப் புகாரைக் கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

என்னைப் போன்ற கிழவர்களுக்கு இன்னொன்று. வயது ஏற ஏறக் காதில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஓசைகள். கண்ணாடி ஓரத்தில் வருகிற மெல்லிய ‘ட்டிக்ட்டிக்’ அறுபது தாண்டியவருக்குத் தேய்ந்து கேட்கலாம், பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தக் கதவில், எந்த மூலையில் என்று கேட்கும். பேரன் பின்னாலிருந்து, “தாத்தா, இங்க மேல, கம்பிகிட்ட” என்று விரல் வைத்தால், அனுபவத்தைக் காட்டி மறுக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். தீபாவளி அமாவாசைக்கோ சிவராத்திரிக்கோ மலைக்குப் போவதாக இருந்தால், ஒரு வாரம் முன்னதாகவே காலை வேளையில் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். பேரனையும் கூட்டிப் போய், மெக்கானிக்கிடம் அவனையே சொல்லச் சொல்லுங்கள்.