கிரிக்கிலிருந்து ஜெலி வரை

பேராக்கிலுள்ள கிரிக் பட்டணத்தையும் கிளந்தானிலுள்ள ஜெலியையும் இணைக்கும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்தப் பக்கத்து மக்கள் கிளந்தான் போக வேண்டுமென்றால் தெற்கே வெகுதூரம் சுற்ற வேண்டும். அல்லது தாய்லாந்து வழியாகப் போக வேண்டும். சாலை சுமார் 120 கிலோமீட்டர். இருபுறமும் காடு. கம்யூனிஸ்டுப் போராளிகளின் நடமாட்டத்தால் ஆரம்ப காலத்தில் இரவுப் பயணத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1989-இல் சமாதான உடன்படிக்கை ஆன பிறகு அந்தப் பயம் போயிற்று. யானைப் பயம் மட்டும் இன்றும் போகவில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவனோடு அவ்வழியே போனேன். பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. இப்போது பட்டறையில் வேலை. அவனுடைய பழைய யாமாஹாவில் எண்ணெய் அளவைக் காட்டும் முள் கிடையாது. கோலகங்சாரில் தொட்டியை நிரப்பியவன் கிரிக்கில் நிற்கவில்லை. "இருக்கிறது சார், போதும்" என்றான்.

தெமெங்கோர் ஏரியின் மேல் செல்லும் பாலங்களும், பண்டிங் தீவும், நீருக்கு மேல் நிற்கும் பட்ட மரங்களும் காணக் கண் கோடி வேண்டும். மாநில எல்லையில் மலையுச்சி. மேகம் சாலையிலேயே படுத்திருந்தது. அங்கே தேநீர் குடித்துவிட்டு இறங்கினோம். வழியோரம் யானைச் சாணம் கிடந்தது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. ஜெலிக்கு இன்னும் 30 கிலோமீட்டர் என்ற நிலையில் வண்டி இருமியது.

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவனோ வண்டியை நிறுத்தாமலே இடது கையைக் கீழே விட்டு எதையோ திருப்பினான். நாலைந்து இருமலுக்குப் பின் எஞ்சின் சீரானது.

"ரிசர்வ், சார்" என்றான்.

ரிசர்வ் என்றால் தனியாக ஒரு சிறு தொட்டி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. தொட்டி ஒன்றுதான். அடியில் உள்ள குழாயின் ஒரு வழி, தொட்டிக்குள் சில அங்குலம் உயர்ந்து நிற்கிறது. இன்னொரு வழி தரையோடு திறந்திருக்கிறது. 'ஆன்' நிலையில் உயரமான குழாய் வழியாகத்தான் எண்ணெய் இறங்கும். மட்டம் அதன் வாய்க்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும். கார்ப்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் துளிகள் தீரும்வரை எஞ்சின் இருமும். அந்த நேரத்தில் 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால் கீழ் வழி திறந்து, அடியில் தங்கியது பாயும். நம் வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாயில் நடுவில் ஒரு குழாயும் அடியில் ஒரு குழாயும் வைத்ததுபோல என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் ஏன் இருமியது என்பதற்கும் அவன் விடை வைத்திருந்தான். அவன் வண்டியில் குழாய் தொட்டியின் பின்பக்கம். ஏற்றத்தில் எண்ணெய் பின்னால் ஒதுங்கும். இறக்கத்தில் முன்னால் ஓடிவிடும்.

"எவ்வளவு தூரம் தாங்கும் தம்பி?"

"ஒன்றரை லிட்டர், சார். லிட்டருக்கு 25 கிலோமீட்டர்."

நான்காம் வகுப்புக் கணக்குத்தான்: முப்பத்தேழரை. போக வேண்டியது 30. இந்தக் கணக்கை ஆயிரம் முறை கரும்பலகையில் போட்டிருக்கிறேன். இருட்டத் தொடங்கிய காட்டுக்குள் போட்டால் அதன் ருசியே வேறு.

நம் தோட்டத்து இளைஞர்களில் சிலர் குழாயை எப்போதும் ரிசர்விலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை ஏது? வண்டி நிற்கும்போது தொட்டி காலி. இன்னொன்று, தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. துருவும் தண்ணீரும் அடியில்தான் தங்கும். பல மாதம் ரிசர்வைத் தொடாதவன் திடீரென்று திருப்பினால் அந்தக் கசடு கார்ப்புரேட்டருக்குப் போகலாம். ஆகையால் தொட்டியை அவ்வப்போது கழுவுவது நல்லது.

கார்ப்புரேட்டர் இல்லாத இன்றைய புது வண்டிகளில் இந்தக் குழாய் இல்லை. முள்ளோ விளக்கோதான் சொல்லும். அவற்றின் எண்ணெய்ப் பம்பு பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது. அடிக்கடி வற்றவிட்டால் பம்புக்குக் கேடு, செலவும் அதிகம்.

ஜெலியில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். எண்ணெய்க் கடையில் தொட்டியை நிரப்பியதும், காசு கொடுப்பதற்கு முன்பே, அவன் குனிந்து குழாயைப் பழையபடி 'ஆன்' பக்கம் திருப்பி வைத்தான்.