ஒரே ஒரு பீப்

'ஃபார்மேட் அடிச்சுடலாம் சார்!'

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருகிற எந்தத் தம்பியும் இந்த ஒரு மருந்தைத்தான் எழுதிக் கொடுப்பார். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மேட். வைரஸா, ஃபார்மேட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா, அதற்கும் ஃபார்மேட். பையில் ஒரு பென் டிரைவ் தயாராக இருக்கும். செருகி, நாலு பட்டனைத் தட்டி, முக்கால் மணி நேரத்தில் புது விண்டோஸ் போட்டுவிட்டு, காபியும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நமக்கு அதில் பெரிய சிக்கல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே, 'தம்பி, அந்த டி டிரைவைத் தொட்டுடாதீங்க' என்று பதறலாம்.

பார்வை இல்லாதவர் என்ன செய்வார்?

என் கல்லூரி நண்பன் ஒருவன். நான் பி.காம்., அவன் வரலாறு. பிறவியிலேயே பார்வை கிடையாது. பரீட்சை சமயத்தில் அவனுக்குப் பாடங்களை கேசட்டில் படித்துப் பதிவு செய்து கொடுக்கிற கோஷ்டியில் நானும் இருந்தேன். (பானிப்பட் யுத்தங்கள் மூன்றும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பி.காமில் படித்ததுதான் மறந்துவிட்டது.) இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். கம்ப்யூட்டரில் அவன் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல ஸ்க்ரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள் உண்டு. அவன் வைத்திருக்கும் ஸ்பீடில் அது பேசினால் நமக்கு எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம்தான் கேட்கும். அவனுக்கு வார்த்தை வார்த்தையாகப் புரியும்.

2012-ல் அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரு கடையில் கொடுத்தான். 'சி டிரைவை மட்டும் ஃபார்மேட் பண்ணுங்க, டி டிரைவைத் தொடவே கூடாது' என்று இரண்டு முறை சொல்லி, கடைக்காரரைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

அந்த டி டிரைவில் இருந்தது பழைய கேசட்டுகள். ஒவ்வொன்றாக ஓடவிட்டு எம்பி3 ஆக்கி வைத்திருந்தான். எங்கள் பானிப்பட் போனால் போகிறது. அவன் அம்மா எட்டாவது வரை படித்தவர். இவன் சிறுவனாக இருந்தபோது, பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் படித்துக் காட்டுவார். அதில் பதினைந்து, இருபது கேசட் பதிவாகி இருந்தது. நடுநடுவே குக்கர் விசில் கேட்கும். 'இருடா, அடுப்பை அணைச்சுட்டு வரேன்' கேட்கும். அம்மா 2009-ல் போய்விட்டார். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்து, அதான் எம்பி3 இருக்கிறதே என்று எறிந்தாகிவிட்டது.

பேக்கப் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். உங்கள் கல்யாண வீடியோவுக்கு எத்தனை பேக்கப் இருக்கிறது?

'டிஸ்க்கையே மொத்தமா க்ளீன் பண்ணிக் கொடுத்திருக்கோம் சார், இப்ப சும்மா பறக்கும் பாருங்க' என்று கடைத் தம்பி பெருமையாகச் சொல்லி பில்லை நீட்டினாராம். அழிந்ததை மீட்டுத் தருகிற மென்பொருள்களை ஓடவிட்டுப் பார்த்தோம். பானிப்பட் கொஞ்சம் திரும்பி வந்தது. அம்மா வரவில்லை.

அன்றைக்கு அவன் கடைக்காரரைத் திட்டவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான். 'நானே போட்டு, நானே அழிச்சிருந்தா, கண்ணு தெரியாதவன் எதையோ தப்பாத் தட்டிட்டான்னு சொல்லியிருப்பாங்க. இவன் நல்லாப் பார்த்துத்தானேடா அழிச்சான்?'

அதுவரை எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு வேகமாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவன், விண்டோஸ் போட மட்டும் ஏன் கடைக்குப் போகவேண்டும்? அவனே விளக்கினான். ஸ்க்ரீன் ரீடர் என்பது ஓ.எஸ்ஸுக்கு மேலே உட்கார்ந்து ஓடுகிற ஒரு புரோகிராம். ஓ.எஸ். ஏறி முடிந்தால்தான் அதற்கு உயிர். ஆனால் ஓ.எஸ். ஏற்றும்போதுதான் திரை ஆயிரம் கேள்வி கேட்கும். எந்த மொழி, எந்த டிஸ்க், எதை அழிக்கட்டும், பாஸ்வேர்ட் என்ன. அதையெல்லாம் படித்துச் சொல்லவேண்டியவர் இன்னும் பிறக்கவே இல்லை. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை.

இன்ஸ்டால் செய்யும்போது ஓடுவதும் ஒரு குட்டி ஓ.எஸ்.தான். அத்தியாவசியமானது மட்டும் அதில் இருக்கும். டிஸ்க் தெரியவேண்டும், கீபோர்டு தெரியவேண்டும், திரை தெரியவேண்டும். சவுண்டு? அந்த நேரத்தில் யார் பாட்டுக் கேட்கப்போகிறார்கள்? விட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் காதால் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர்கள் உலகத்திலேயே இல்லாமலா போய்விட்டார்கள்? டெட் ஹென்டர் என்று ஓர் அமெரிக்கர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வை போனது. புரோகிராமிங் கற்றுக்கொண்டார். 1989-ல் அவருடைய கம்பெனி டாஸுக்குக் கொண்டுவந்ததுதான் 'ஜாஸ்'. பிற்பாடு விண்டோஸிலும் அது கொடிகட்டிப் பறந்தது. நம் நாட்டில் புனேயில் பிறந்த டி.வி.ராமன், பதினாலு வயதில் பார்வை இழந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1995-ல் 'ஈமேக்ஸ்பீக்' எழுதினார். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரனுக்கும் பார்வை கிடையாது. ஸ்க்ரீன் ரீடரின் விலை கம்ப்யூட்டரின் விலையையே தாண்டுகிறதே என்று கொதித்து, 2006-ல் என்.வி.டி.ஏ.வை எழுத ஆரம்பித்தார். அது இன்றுவரை இலவசம். என் நண்பன் தினம் காதில் கேட்பது அதைத்தான்.

இவ்வளவு பேர் இவ்வளவு செய்தும், எல்லாம் ஓ.எஸ். ஏறி முடிந்த பிறகுதான். அதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்துக்கு, கண் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டாக வேண்டும்.

கூப்பிடப் பிடிக்காதவர்கள் சில வித்தைகள் வைத்திருந்தார்கள். கேள்விக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி சி.டி.யோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது ஒன்று. இல்லாவிட்டால் எத்தனை முறை டேப், எத்தனை முறை கீழ் அம்பு, எப்போது என்ட்டர் என்று மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொள்வது. என் நண்பன் இரண்டையும் முயன்றிருக்கிறான். நடுவில் எதிர்பாராத கேள்வி ஒன்று வந்தால் தீர்ந்தது. கம்ப்யூட்டர் வேலை செய்கிறதா, பதிலுக்குக் காத்திருக்கிறதா? கேபினெட் மேல் காதை வைத்து ஹார்டு டிஸ்க் கரகரக்கிறதா என்று கேட்பானாம். கரகரத்தால் ஓடுகிறது. சும்மா இருந்தால் ஏதோ கேட்டுவிட்டு நிற்கிறது.

கதவு ஒரே நாளில் திறந்துவிடவில்லை. 2005-ல் ஆப்பிள் தன் டைகர் பதிப்பில் வாய்ஸ்ஓவரைக் கொண்டுவந்தது. இன்ஸ்டால் டிஸ்க்கிலிருந்தே அது பேசும். நல்ல காரியம். ஆனால் அன்றைய ஆப்பிள் விலைக்கு நம்மூரில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிட்டு மிச்சம் வைக்கலாம். ஜெர்மனியில் கிளவுஸ் நாப்பர் என்பவர், சி.டி.யிலிருந்தே ஓடுகிற நாப்பிக்ஸ் என்ற லினக்ஸை உருவாக்கியவர். அவர் மனைவிக்குப் பார்வை இல்லை. பேசும் மெனுக்களோடு ஒரு சூழலை அதில் சேர்த்தார். மனைவி பெயர் ஆட்ரியானே. அந்தச் சூழலுக்கும் அதே பெயர்தான். ஷாஜஹான் கட்டியதைவிட இது உபயோகமானது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

2011-ல் டெபியன். சம்பளமில்லாத் தொண்டர்கள் உலகம் முழுக்க உட்கார்ந்து செய்கிற லினக்ஸ். அதன் 6-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலரே பேச ஆரம்பித்தது. விண்டோஸ்? அதன் நெரேட்டர் 2000-லேயே பிறந்துவிட்டது. ஆனால் இன்ஸ்டாலேஷனின் முதல் கட்டத்திலிருந்தே அது வாய் திறக்க 2017 ஆயிற்று. கன்ட்ரோல், விண்டோஸ், என்ட்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசும். பதினேழு வருடம்! கையில் அவ்வளவு பணம் வைத்திருக்கிற கம்பெனிக்கு.

டி டிரைவ் போன துக்கத்துக்குப் பிறகு நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் டெபியன் போடுவது என்று முடிவுசெய்தான். 'வாடா, சாட்சிக்கு உட்காரு' என்று கூப்பிட்டான். போனேன். திரை மேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டு மூடினான். 'நீயும் என்னை மாதிரியே உட்காரு.'

பென் டிரைவைச் செருகி ஆன் செய்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு பீப். மெனு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். 'எஸ்' தட்டி என்ட்டர். மறுபடி நிசப்தம். அடுத்ததாக ஒரு குரல். கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்டு கார்டு இருந்தால் இந்த டெபியன் என்ன செய்கிறது தெரியுமா? ஒவ்வொன்றின் வழியாகவும் பேசிப் பார்க்கிறது. உங்கள் காதில் எப்போது குரல் விழுகிறதோ, அப்போது என்ட்டர் தட்டவேண்டும். இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

குரல் ரொம்ப நிதானம். நண்பன் கேப்ஸ் லாக்கையும் 6-ஐயும் சேர்த்துச் சில முறை அழுத்தினான். அப்பளம் பொரிய ஆரம்பித்தது. எனக்கு எதுவும் புரியவில்லை. கெஞ்சிக் குறைக்கச் சொன்னேன். கேள்விகள் எண் போட்டு வந்தன. ஒன்று என்றால் இது, இரண்டு என்றால் அது. எண்ணைத் தட்டி என்ட்டர். அவ்வளவுதான் விஷயம். படம் இல்லை, மவுஸ் இல்லை.

டிஸ்க் கட்டம் வந்தது. துண்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு வேர்த்தது. அவன் அவசரப்படவில்லை. டிஸ்க்கின் பெயர், அளவு எல்லாவற்றையும் மூன்று முறை படிக்கவிட்டுக் கேட்டான். மாற்றங்களை டிஸ்க்கில் எழுதட்டுமா என்று குரல் கேட்டபோது, சும்மா என்ட்டர் தட்டினால் 'வேண்டாம்' என்றுதான் அர்த்தமாம். அழிக்கவேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். கடைத் தம்பிக்கு இப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கலாம்.

பாஸ்வேர்ட் கேட்டது. தட்டினான். தட்டிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான்.

'என்னடா?'

'இதுவரைக்கும் என் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் வெச்சதெல்லாம் கடைக்காரங்கதான். ஒருத்தன் ஒண்ணு ரெண்டு மூணு நாலு, இன்னொருத்தன் கடைப் பேரு. எனக்கு மட்டும் தெரிஞ்சது இதான் முதல்.'

அன்றைக்கு எல்லாம் சுபம். ஆனால் 2021-ல் புது லேப்டாப் வாங்கி இதே காரியத்தைச் செய்தபோது, பீப் வந்தது, எஸ் தட்டினான், குரல் வரவில்லை. காரணம் வேடிக்கையானது. புது லேப்டாப்கள் பலவற்றில் சவுண்டு சிப்புக்கு ஃபர்ம்வேர் என்ற குட்டி மென்பொருளை ஏற்றினால்தான் வாயே திறக்கும். அதைத் தயாரிப்பாளர் மூலநிரல் இல்லாமல் தருவார். மூலநிரல் திறந்திராத எதையும் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் கொள்கை. கொள்கையில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கண் தெரிந்தவருக்கு அது வெறும் கொள்கை. இவனுக்குச் சாத்திய கதவு. நண்பன் விரல் நீளத்துக்கு ஒரு யு.எஸ்.பி. சவுண்டு கார்டைச் செருகிச் சமாளித்தான்.

டெபியன்காரர்கள் இதைப் பற்றி ரொம்ப விவாதித்து, 2022-ல் ஓட்டுப் போட்டார்கள். வைஃபை உட்படக் காரணங்கள் பல. சவுண்டும் அதில் ஒன்று. ஃபர்ம்வேரைச் சேர்த்துவிடலாம் என்று தீர்ப்பாகி, 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பில் சேர்ந்தும் வந்தது. கொள்கைக்காகவே பிறந்த ஒரு கூட்டம் தன் விதியை ஓட்டுப் போட்டுத் தளர்த்திக்கொண்டது எனக்கு ஆச்சரியம்தான்.

மிச்சம் இருப்பது பயாஸ். ஸ்விட்ச் போட்டதும் வருகிற முதல் திரை. பென் டிரைவிலிருந்து கிளம்பு என்று சொல்லவேண்டிய இடம். ஓ.எஸ்ஸுக்கும் முந்தியது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது இன்னும் பேசுவதில்லை. நண்பன் செல்போனை அதன் எதிரே பிடிக்கிறான். டென்மார்க்கில் தொடங்கி 2015-ல் வந்த 'பி மை ஐஸ்' செயலி வழியாக எங்கோ இருக்கும் ஒரு தொண்டர் கேமராவில் பார்த்துப் படித்துச் சொல்வார். 2023-க்குப் பிறகு அதிலேயே செயற்கை நுண்ணறிவும் சொல்கிறது. 'அது சில சமயம் இல்லாததையும் இருக்குன்னு சொல்லும்டா. பயாஸ் வரைக்கும் ஓகே. டிஸ்க் அழிக்கறதுக்கு அதை நம்ப மாட்டேன்' என்கிறான்.

போன மாதம் இன்னொரு லேப்டாப் வாங்கப் போனான். கூடப் போனேன். சேல்ஸ்மேன் மெமரி, பிராசஸர், கிராஃபிக்ஸ் என்று அடுக்கினார். திரையின் நிறங்களைப் பற்றி என்னைப் பார்த்துச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு நண்பன் ஒன்றே ஒன்று கேட்டான். 'சார், இதுல பூட் மெனுவுக்கு எந்த கீ? எஃப்12-ஆ, எஃப்9-ஆ?'

சேல்ஸ்மேன் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.