கள் மூத்தால் காடி

மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளை வினிகர் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில், செயற்கை வினிகர், அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அப்படி அச்சிட வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம். பொள்ளாச்சியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழும் எனக்கு அந்த வரி உறுத்தியது. புளிப்பு என்பது ஏதோ ஒன்று புளித்து வருவது. அமிலத்திலிருந்து தயாரித்தது என்றால், அந்த அமிலம் எதிலிருந்து வந்தது?

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பரிடம் போய்க் கேட்டேன். தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். இன்று உலகில் தயாராகும் அசிட்டிக் அமிலத்தில் பெரும்பகுதி மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துச் செய்வது. அந்த இரண்டுக்கும் மூலம் பெரும்பாலும் இயற்கை எரிவாயு அல்லது நிலக்கரி. நம் நாட்டில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் ஆல்கஹாலைக் கொண்டும் செய்கிறார்கள். ஆலையிலிருந்து வரும் அமிலத்தில் தண்ணீர் ஏறக்குறைய இருக்காது. 16.6 டிகிரிக்குக் கீழே போனால் பனிக்கட்டிபோல உறைந்துவிடும், ஊட்டிக் குளிரே போதும். அதில் தண்ணீர் கலந்து நான்கு சதவீதம் அளவுக்கு இறக்கிப் புட்டியில் அடைத்தால் வினிகர். சட்டம் கேட்கும் குறைந்த அளவு 3.75 சதவீதம்.

“அப்படியானால் இது விஷமா?” என்றேன்.

“அதெல்லாம் இல்லைங்க. கள்ளிலிருந்து வந்தாலும் எரிவாயுவிலிருந்து வந்தாலும் அசிட்டிக் அமிலம் ஒரே மூலக்கூறுதான்” என்றார். பிறகு அவர் சொன்ன செய்தி என்னை வியக்க வைத்தது. உயிருள்ள செடிகொடியில் கார்பன்-14 இருக்கும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எரிவாயுவில் அது முற்றிலும் சிதைந்து போயிருக்கும். ஆய்வகத்தில் அதை அளந்தால், புட்டியில் இருப்பது பூமிக்கடியிலிருந்து வந்ததா, வயலிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். கழிவுப்பாகில் பிறந்த அமிலத்தை மட்டும் இந்தச் சோதனையில் பிடிக்க முடியாது. அதுவும் வயலிலிருந்து வந்ததுதானே.

வீட்டைத் துடைக்க இந்தச் செயற்கைச் சரக்கு தாராளமாகப் போதும். எங்கள் போர் தண்ணீரில் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பை, பாதி வினிகரும் பாதி தண்ணீருமாக ஊற்றி அரைமணி நேரம் விட்டால் கரைத்துவிடும். குழாய் முனையில் பூத்த உப்புக்கும் அதே வைத்தியம். ஆனால் மார்பிள் தரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மார்பிளும் அதே சுண்ணாம்புக் குடும்பம், அரித்துவிடும். ஆப்பச் சோடாவும் வினிகரும் கலந்து நுரை பொங்கத் தேய்க்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய கழிப்பறைக்குள் உயிருக்கே ஆபத்து.

அடுப்படிக் கதை வேறு. புளித்து வந்த வினிகரில் அமிலத்தோடு வேறு பல மணங்களும் சுவைகளும் சேர்ந்து வருகின்றன. அவை எப்படிச் சேர்கின்றன என்று தேடியபோது பிரான்சின் ஓர்லியான் நகரம் வந்து நின்றது. அங்கே பீப்பாய்களைப் படுக்கவைத்து, திராட்சை மதுவை முக்கால் அளவுக்கும் குறைவாக நிரப்பி, காற்றுப் புகத் துளை விட்டுக் காத்திருந்தார்கள். மேலே மெல்லிய ஆடை படியும். அந்த ஆடை உயிருள்ளது, காற்றின் ஆக்சிஜனை வாங்கி ஆல்கஹாலை அமிலமாக்குவது அதுதான் என்று 1860-களில் நிறுவியவர் லூயி பாஸ்டர். 1867-இல் அதே ஓர்லியானுக்குப் போய் வினிகர் தயாரிப்பவர்களுக்கு நேரிலேயே விளக்கினார்.

அந்த ஆடையை நான் கண்ணால் பார்த்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில். கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்கு வண்டி வண்டியாகக் கள் போவது அந்த வட்டாரத்திலிருந்துதான். ஒரு வீட்டுப் பாட்டியம்மா பீங்கான் பரணியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். மூக்கைத் துளைக்கும் நெடி. “இறுக்கி மூடினா வராது, காத்து வேணும்” என்றார். பாஸ்டர் பீப்பாயில் கண்டதை அவர் பரணியில் கண்டிருக்கிறார். அவர் வீட்டில் இதற்குப் பெயர் சொறுக்கா. மீன் ஊறுகாய் இதில்தான். அவர் தந்த துண்டைச் சுவைத்தேன். புளிப்பு நாக்கைச் சுடவில்லை, உருண்டையாக இறங்கி, கடைசியில் லேசான இனிப்போடு நின்றது.

செய்முறை எளிது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றைச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்தால் பதநீர். தடவாமல் பிடித்தால் ஈஸ்ட் வேலை செய்து கள். அந்தக் கள்ளைக் காற்றுப்பட விட்டுவைத்தால் வாரக்கணக்கில் காடி. நம் சித்த மருத்துவத்தில் மருந்துச் சரக்குகளைச் சுத்தி செய்யக் காடி பயன்படுகிறது. ஆனால் அந்தக் காடியைக் கள்ளிலிருந்து அல்ல, கஞ்சியைப் புளிக்கவைத்தே செய்தார்கள்.

இவ்வளவு தென்னை இருந்தும் எங்கள் ஊர்க் கடையில் தென்னங்காடி ஏன் இல்லை? காரணம் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கள் இல்லாத இடத்தில் கள்ளின் பிள்ளை எப்படிப் பிறக்கும்?

தேடல் அங்கே முட்டி நின்றபோது வழி காட்டியது காங்கேயம். அங்குள்ள கொப்பரைக் களங்களில் முற்றிய தேங்காயை உடைக்கும்போது தண்ணீர் வாய்க்காலாக ஓடி மண்ணில் கலப்பதைப் பார்த்தேன். பார்க்கவே வயிறெரிந்தது. அந்தத் தண்ணீரிலும் வினிகர் செய்யலாம். இயல்பாக அதில் சர்க்கரை குறைவு, அதனால் பத்து சதவீதம் வரும்வரை சர்க்கரை சேர்த்து, ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்து, பிறகு காற்றோட்டமான கலத்தில் காடியாக்க வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் இந்த முறையைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது.

கொப்பரைக் களம் நடத்துகிறவர்களே, தென்னை உழவர் நிறுவனம் வைத்திருப்பவர்களே, வடியும் அந்தத் தண்ணீரைப் பிடித்துவையுங்கள். வாங்குகிறவர்கள் புட்டியைத் திருப்பிப் படியுங்கள். துடைப்பதற்குச் செயற்கை போதும், ஊறுகாய்க்குப் புளித்து வந்ததைக் கேட்டு வாங்குங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் கடைக்காரர் தருவிப்பார்.